ஊறும் நீருக்கு ஒரு வழி

அவரை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்சிக்கும் அவர் தலைவர் அல்ல, கட்டடங்களுக்குக் குழாய் போடுகிறவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொடுத்த பாதுகாப்புத் தொப்பி தலையில் இறங்காமல் உச்சியில் குருவிக்கூடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. "இவரு சைஸுக்குத் தொப்பியே இல்லப்பா. இவரு தலைவரு!" என்று மேஸ்திரி சொன்ன ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் தலை இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான். "எங்க குடும்பத்துல யாருக்கும் தலைக்கனம் கிடையாது. தலைதான் கனம்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது தலை சாதாரணமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதத்துக்கு மேல் அது பெருக்கத் தொடங்கியதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "குட்டித் தலைவி வந்துட்டாடா!" என்று கொஞ்சினாள். குழந்தை எப்போதும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் அக்கா ஒரு காரணம் வைத்திருந்தாள். "பாரு, இப்பவே என்ன அடக்கம்! தரையைப் பாத்து நடக்கப்போற பொண்ணு."

தலைவரின் மனைவி இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. அவள் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவள். மாவை உருட்டிக் கையில் எடுத்தாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள், தராசு தேவையில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டில்தான் இருந்தாள்.

"ஏங்க, இவளுக்கு உடம்பு ஏறவே இல்ல. தலை மட்டும்தான் ஏறுது. என் கைக்குத் தெரியுது."

"எங்க வீட்டுத் தலைம்மா அது. கழுத்து நிக்கக் கொஞ்சம் நாளாகும்."

"பால் குடிச்சதும் வாந்தி எடுக்கறா. மீதி நேரமெல்லாம் தூங்கறா. தூங்கலன்னா அழறா."

"பாப்பான்னா வேற என்னம்மா செய்யும்? கணக்குப் பாடமா படிக்கும்?"

நான்காம் மாதத்துத் தடுப்பூசிக்குப் போகவேண்டிய வாரத்தில் அவர்கள் வீடு மாறினார்கள். சட்டிபானை கட்டுவது, இறக்குவது, புது வீட்டில் ஒழுகுகிற குளியலறை என்று நாள் ஓடி, ஊசி போடப் போனபோது குழந்தைக்கு ஐந்தரை மாதம் முடிந்திருந்தது.

ஊசி போடும் இடத்தில் இருந்த நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஊசிக்கு முன்னால் எடை பார்த்தார், நீளம் பார்த்தார், டேப்பைக் குழந்தையின் தலையைச் சுற்றிப் பிடித்தார். எழுதப்போனவர் எழுதாமல் மறுபடி அளந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் அளந்தார்.

தலைவர் சிரித்தார். "எங்க பரம்பரையே அப்படித்தான் சிஸ்டர்."

"அப்படியா? நீங்க உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார் நர்ஸம்மா. அதே டேப்பால் அவர் தலையையும் அளந்தார். அறுபத்தோரு சென்டிமீட்டர். வரிசையில் நின்ற தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க தலை பெருசுதான், ஒத்துக்கறேன். தலை பெருசா இருக்கறது ஒரு சீக்கு இல்ல. ஆனா பெரிய தலையும் அதுக்குன்னு ஒரு கோட்டுல போகணும். இதைப் பாருங்க." குழந்தையின் அட்டையில் வளைந்து வளைந்து போகும் கோடுகளைக் காட்டினார். "பிறந்தப்ப நடுக்கோடு. ரெண்டாம் மாசம் அதே கோடு. இன்னிக்கு எல்லாக் கோட்டையும் தாண்டி மேல நிக்குது. இந்த வேகம் பரம்பரை வேகம் இல்ல."

பிறகு குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்துக்கொண்டு, தலைவரின் விரலைப் பிடித்து உச்சிக்குழியில் வைத்தார். "அழாம நிமிந்து உக்காந்திருக்கற பிள்ளைக்கு இங்க லேசாப் பள்ளம் விழணும். அதனாலதான் குழின்னு பேரு. என்ன தெரியுது?"

குழியே இல்லை. விரலுக்கடியில் விண்ணென்று இருந்தது. இருபது வருஷமாகக் குழாயைத் தொட்டுப் பார்த்தே உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்று சொல்கிற விரல் அது. தலைவரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது.

"கண்ணைப் பாருங்க. கருவிழி கீழ இறங்கி மேல வெள்ளை தெரியுது பாருங்க. இவ வெக்கப்பட்டுக் கீழ பாக்கல. மேல பாக்க முடியல." நர்ஸம்மா ஒரு கடிதம் எழுதி மடித்துக் கொடுத்தார். "வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் போகலாம்னு நினைக்காதீங்க. இப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே உச்சிக்குழி வழியாக ஒரு ஸ்கேன் பார்த்தார்கள். மறுநாள் காலை இன்னொரு பெரிய ஸ்கேன். அதற்குப் பிறகு மூளை அறுவை டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆள் குள்ளமான பெண்மணி, மேசைக்குப் பின்னால் இருப்பதே தெரியாது, ஆனால் பேச்சு மணிமணியாக இருந்தது. படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் தானே வரைந்து காட்டினார்.

"மூளைக்குள்ள நாலு சின்ன அறை இருக்கு. அதுக்குள்ள தெளிஞ்ச தண்ணி மாதிரி ஒரு நீர் தினமும் ஊறிட்டே இருக்கும். மேல இருக்கற அறையிலிருந்து இறங்கி, இந்த ஒடுக்கமான வழியா நாலாவது அறைக்கு வந்து, மூளையைச் சுத்திட்டு ரத்தத்துல கலந்துடும். உங்க பாப்பாவுக்கு அந்த ஒடுக்கமான வழி அடைபட்டிருக்கு."

"ஊத்து நிக்காதா?" என்றார் தலைவர்.

"நிக்காது. நிக்கவும் கூடாது. அந்த நீர் மூளைக்கு வேணும்."

"அப்ப அடைப்புக்கு மேல தேங்கும்."

"தேங்கிடுச்சு. இடம் பத்தாம மூளையை அழுத்துது. மண்டை ஓடு இன்னும் ஒட்டாததால தலை விரிஞ்சு கொடுக்குது. இதுக்கு ஹைட்ரோசெபாலஸ்னு பேரு. சரிபண்ணலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது."

மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள். "வயித்துல இருக்கறப்ப நான் மாவு மூட்டை தூக்கினேன் டாக்டர். அதனாலயா?"

"இல்லம்மா. நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாததாலயும் இல்ல. அந்த வழி ஆரம்பத்திலேயே ஒடுங்கிப் போயிருக்கு. அவ்வளவுதான்."

பிறகு டாக்டர் மருத்துவத்தைச் சொன்னார். தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய். காதுக்குப் பின்னால் ஒரு வால்வு. அங்கிருந்து தோலுக்கடியிலேயே கழுத்து, மார்பு வழியாக இறங்கி வயிற்றுக்குள் முடியும். அதிகப்படி நீரை வயிறு உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளை வளர வளரக் குழாய் எட்டாமல் போகக்கூடாது என்று உள்ளேயே கொஞ்சம் நீளம் கூடுதலாக விட்டுவைப்பார்கள். இந்தக் குழாயைத்தான் ஷன்ட் என்பார்கள்.

"வால்வு ஒரு பக்கம்தான் திறக்குமா?"

"ஒரு பக்கம்தான்."

"அடைச்சா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அடைக்கலாம். பொய் சொல்ல மாட்டேன். பத்துப் பிள்ளைங்கள்ல நாலு பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பத் திறந்து சரிபண்ண வேண்டி வருது. சில பேருக்குப் பத்து வருஷம் ஒண்ணும் ஆகறதில்ல."

தலைவர் எழுந்துவிட்டார். "வேண்டாம் டாக்டர்."

வெளியே நடைவழியில் போய் நின்றுகொண்டார். வேறொருவராக இருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. இவருக்குத்தான் குழாயைப் பற்றித் தெரியுமே! அடைத்த குழாய், வெடித்த குழாய், இணைப்பு விட்ட குழாய் என்று வாழ்க்கையே அதில்தான் ஓடியிருக்கிறது. தான் போட்ட குழாயில் தன்னைத் திரும்பக் கூப்பிடாத குழாய் என்று ஒன்றைக்கூட அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைக் கொண்டுபோய் மகள் தலைக்குள்ளா வைப்பது? அக்காவுக்குப் போன் செய்தார். "தலையைத் திறக்கறதாவது! கூட்டிட்டு வந்துடுடா தம்பி" என்று அவள் அழுதாள்.

மனைவி வெளியே வந்தாள். கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"குழாய் அடைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? பிரிச்சுச் சரிபண்ணுவேன்."

"அடைக்கும்னு பயந்து யாராவது குழாயே இல்லாம வீடு கட்டறாங்களா?"

அவர் குழந்தையின் தலையைக் குனிந்து பார்த்தார்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்லுவாங்க. இங்க வெள்ளம் தலைக்குள்ள போகுதுங்க. இங்க சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் இருக்கு. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒரு வாரம் கம்மியா அழுத்தியிருக்கும். என் கைக்குத் தெரிஞ்சுது, நான் சொன்னேன், நீங்க பரம்பரை பேசினீங்க. நான் அதைக் குத்திக்காட்ட வரல. உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க."

அவர் போய்க் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருக்கும் அறையின் மூலையில் கை கழுவும் தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சொட்டுகிற குழாயைக் கண்டால் பந்தியிலிருந்து எழுந்துபோய் முடுக்கிவிட்டு வருகிற மனிதர், அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மனைவி அதைக் கவனித்தாள். அவர் எவ்வளவு பயந்து போயிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நகர்ந்து வந்து அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பதரைக்கு டாக்டர் வந்தார். தலையில் பச்சைத் தொப்பி, முகத்தில் களைப்பு. "முடிஞ்சுது. நீர் நல்லா இறங்குது. பாப்பா மூச்சு நல்லா இருக்கு."

அன்று முழுவதும் குழந்தை மயக்கத்திலும் தூக்கத்திலுமாக இருந்தது. அடுத்த நாள் மதியம் தலைவர் கட்டிலருகே நின்று, பால் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். யாரோ பார்ப்பது போல இருந்தது. குனிந்து பார்த்தார். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையை அல்ல, அவர் சட்டையை அல்ல. கருவிழி நடுவில் நின்று, பிறகு மெல்ல மேலே ஏறி, அவர் நெற்றிவரை போய், அந்தப் பெரிய தலையை முழுசாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தது. ஐந்தரை மாதத்தில் முதல் தடவையாக அவள் அவரை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"இங்க வாயேன்... சீக்கிரம் வாயேன்" என்றார் மனைவியிடம். மனைவி வந்து பார்த்தாள். குழந்தையின் உச்சியில் கட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். விரல் லேசாக உள்ளே இறங்கியது. குழி விழுந்திருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொன்னார். வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், ஓயாத அழுகை, காய்ச்சல், குழாய் போகிற வழியில் சிவப்பு. "எதுவாயிருந்தாலும் வாங்க. நூறு தடவை சும்மா வந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். நூத்தியோராவது தடவை வராம மட்டும் இருந்துடாதீங்க."

தலைவர் அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குழந்தை தாமதமாக உட்கார்ந்தாள், ஒன்றே முக்கால் வயதில் நடந்தாள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. அதற்குள் தலைவர் நான்கு தடவை அவசரப் பிரிவுக்கு ஓடியிருந்தார். ஒரு தடவை, மெழுகுக் கலர் பென்சிலை அவள் கடித்துத் தின்று நீலமாக வாந்தி எடுத்ததற்கு. ஒரு தடவை, பூங்காவில் ஆடிய களைப்பில் சாயங்காலமே தூங்கிப்போனதற்கு. வாசலில் சீட்டு எழுதுகிறவர் இவரைக் கண்டாலே, "வாங்க தலைவரே, இன்னிக்கு என்ன கலர்?" என்று கேட்கத் தொடங்கினார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனாலும் தலைவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அதனால்தான் மகளுக்கு மூன்றரை வயதானபோது, ஒரு திங்கட்கிழமை காலை அவள் எழுந்ததும் வாந்தி எடுத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தாள். செவ்வாயும் அப்படியே. அவளை விடும் பிள்ளைகள் காப்பகத்தில் இன்னும் மூன்று பேருக்கு வாந்தியாம். ஊரெல்லாம் வயிற்றுக் கோளாறு என்றார்கள். மனைவி மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், விடிகாலையிலேயே கிளம்பிவிடுவாள். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று இவர் குறைத்தே சொன்னார்.

புதன்கிழமை மகளைக் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. அவரும் வேலைக்குப் போகவில்லை. அவள் அவர் மடியில் ஏறி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்குத் தலை வேணாம். கழட்டி வெச்சுடு."

அவர் காதுக்குப் பின்னால் வால்வைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. சீட்டு எழுதுகிறவரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா? இப்படி அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே, கையில் பாதி ரொட்டியோடு அவள் தலை அவர் மார்பில் சாய்ந்தது. பகல் பன்னிரண்டு மணி. எழுப்பினார், கண் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வழியிலேயே மனைவிக்குப் போன் செய்தார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். காலையிலிருந்து முப்பது வாந்திப் பிள்ளைகளைப் பார்த்த களைப்பு. "இப்ப எல்லாருக்கும் பரவிட்டிருக்கு சார். உப்புக் கரைசல் கொடுங்க, ரெண்டு நாள்ல..."

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். குரலை உயர்த்தவில்லை. "வயித்துப்போக்கு இல்ல. காய்ச்சல் இல்ல. மூணு நாளா எழுந்ததும் வாந்தி, அப்புறம் சரியாகுது. இன்னிக்குத் தலையைக் கழட்டச் சொல்றா. இது அவ தூங்கற நேரம் இல்ல, தூங்கறா. இவளுக்கு ஷன்ட் இருக்கு. நான் நாலு தடவை சும்மா வந்தவன்தான், வாசல்ல கேட்டாலே சொல்லுவாங்க. இது சும்மா இல்ல. ஸ்கேன் எடுங்க."

இளம் டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். டார்ச்சை எடுத்துக் குழந்தையின் கண்ணைத் திறந்து பார்த்தார். உடனே ஸ்கேனுக்குப் போன் செய்தார்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறைகள் மறுபடி வீங்கியிருந்தன. குழாயின் மேல் முனையில் அடைப்பு. மனைவி மாவு படிந்த உடுப்போடு வந்து சேர்ந்தபோது, குள்ள டாக்டரும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னிக்கே செய்யணும். ஆனா இந்தத் தடவை வேற மாதிரி செஞ்சு பாக்கலாம்னு நினைக்கிறேன். அப்ப அவ ரொம்பச் சின்னவ, இப்ப வளந்துட்டா. கேமரா வெச்ச ஒரு மெல்லிய கருவியை உள்ள விட்டு, மூணாவது அறையோட தரையில ஒரு சின்ன வாசல் திறப்பேன். அடைப்பு அடைப்பாவே இருக்கட்டும். நீர் அதைச் சுத்திக்கிட்டு வெளிய போயிடும்."

"அப்ப குழாய்?"

"குழாயே வேண்டாம்."

தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். "அந்த வாசல் மூடிக்காதா?"

"மூடிக்கலாம். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவ வயசுக்கும் இவளுக்கு இருக்கற அடைப்புக்கும் நல்லா வேலை செய்யற வழி இது. பழைய குழாயையும் அப்பவே எடுத்துடறேன்."

"காகிதத்தைக் குடுங்க" என்றார் தலைவர். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பேனாவைக் கையில் எடுத்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அடுத்த நாள் காலை மகள் கண் விழித்து, தலையில் கட்டைத் தொட்டுப் பார்த்து, அம்மாவிடம் முதலில் சொன்ன வார்த்தை "பசிக்குது." அம்மா கொண்டுவந்த பன்னை முழுசாகத் தின்றாள். வாந்தி இல்லை. "தலை வலிக்குதா செல்லம்?" என்று அப்பா கேட்டார். அவள் யோசித்து, "கட்டுதான் அரிக்குது" என்றாள். செய்தி கேட்டு வந்த அத்தைக்காரி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத்தை, கால்ல ஒண்ணும் இல்ல. தலையிலதான் ஆபரேஷன்" என்று அவள் திருத்தினாள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். அறைகள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன, நீர் புது வாசல் வழியாகத் துடிப்போடு போவது படத்திலேயே தெரிகிறது என்றார் டாக்டர். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் அதேதான், மறந்துவிடக் கூடாது. "மத்தபடி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். கிடைத்தது இரண்டு இருக்கைதான், இரண்டும் உள்பக்கம். ஜன்னலோரம் ஒரு மனிதர் செய்தித்தாளை விரித்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அதைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அடுத்த நொடி பேருந்தே அதிர்கிற மாதிரி ஒரு அழுகை.

தலைவரின் கை தன்னால் மகளின் நெற்றிக்குப் போனது. முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லங்க" என்றாள் மனைவி. "ஜன்னலுக்கு அழறா."

"ஜன்னலுக்கா?"

"ஜன்னலுக்குத்தான்."

தூங்கிய மனிதர் திடுக்கிட்டு விழித்தார். விஷயம் புரிந்ததும் செய்தித்தாளை மடித்தார். "ஐயையோ, பாப்பா இங்க உக்காரட்டும், நான் எழுந்துக்கறேன்" என்றார்.

"நீங்க உக்காருங்க சார்" என்றார் தலைவர். இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கொஞ்ச நேரம் அழட்டும்."